அமெரிக்க உள்நாட்டுப் போரை நம்ம டெல்டா பிள்ளைங்களுக்கு எப்படி சொல்லிக்கொடுக்கிறது

ஊர்ல சாயங்கால வகுப்பு எடுக்கிறவங்க, வீட்ல பத்தாவது பதினொண்ணாவது படிக்கிற பிள்ளை இருக்கிறவங்க, போட்டித் தேர்வுக்கு தம்பி தங்கச்சிங்களை கூட்டி வச்சு சொல்லிக்கொடுக்கிறவங்க, உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர்னா நம்ம பக்கம் பொதுவா மூணு வரில முடிச்சிடுறோம், 1861ல ஆரம்பிச்சுது 1865ல முடிஞ்சுது, லிங்கன் அடிமைகளை விடுதலை பண்ணாரு, அப்புறம் அவரை சுட்டுட்டாங்க, அவ்ளோதான். மார்க் வாங்க அது போதும். ஆனா மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர், நாகை பக்கம் வளர்ற பிள்ளைக்கு இந்த விஷயம் ரொம்ப ஆழமா புரியும்ங்க, ஏன்னா நிலம் ஒருத்தர்ட்ட உழைப்பு இன்னொருத்தர்ட்டங்கிறது அதோட பாட்டன் பூட்டன் வாழ்ந்த வாழ்க்கை. அதை விட்டுட்டு தேதிய மட்டும் மனப்பாடம் பண்ண வைக்கிறது பெரிய நஷ்டம்.

நாலு சாயங்காலம் ஒதுக்குங்க. ஒரு உலக மேப், சாக்பீஸ், கொஞ்சம் வெள்ளைப் பேப்பர், இவ்ளோதான் சாமான். ப்ரொஜெக்டர் எல்லாம் வேண்டியதில்ல.

முதல் நாள் லிங்கன் பேரையே எடுக்காதீங்க. சண்டையையும் எடுக்காதீங்க. நிலத்துல இருந்தும் பயிர்ல இருந்தும் ஆரம்பிங்க.

தரையில அமெரிக்காவோட கிழக்குக் கரையை சாக்பீஸால வரைங்க, அழகா வரணும்னு இல்ல. வர்ஜீனியா பக்கம் புகையிலை, தெக்க இறங்கினா சவுத் கரோலினா ஜார்ஜியா கடற்கரையில நெல், லூசியானாவில கரும்பு, உள்பக்கம் அலபாமா மிசிசிப்பி டெக்சாஸ் வரைக்கும் பருத்தி. நெல்லுன்னு சொன்னதும் பிள்ளைங்க நிமிந்து பாக்கும், அமெரிக்காவில நெல்லான்னு. அங்கேயே நில்லுங்க, செத்த நேரம் அதைப் பத்தியே பேசுங்க.

அந்த நெல் வயல் கடலுக்குப் பக்கத்துல, ஆத்து ஓரமா இருந்துது. கடல் ஏறும்போது ஆத்துத் தண்ணி பின்னுக்குத் தள்ளப்பட்டு மட்டம் உயரும், மேல நல்ல தண்ணி இருக்கும், அந்த நேரம் பாத்து கரைக்கு அடியில வச்சிருக்கிற நீளமான மரப்பெட்டியோட கதவைத் தூக்கினா தண்ணி வயலுக்குள்ள பாயும், கடல் வத்தினதும் இன்னொரு பக்கத்துக் கதவைத் தூக்கினா வடிஞ்சிடும். தலைஞாயிறு வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளையா இருந்தா உப்புத்தண்ணி ஏறாம இருக்க ஷட்டர் இறக்குறதை பாத்திருக்கும், அதுக்கு நீங்க மதகு என்னன்னு சொல்லவே வேணாம், அதுவே உங்களுக்கு சொல்லும். அந்தக் கரை பூராவும், அந்த வாய்க்கால் பூராவும், சதுப்புக் காட்டை வெட்டி மண்ணை வாரி ஆப்பிரிக்காவில இருந்து பிடிச்சுக் கொண்டுவந்தவங்க கையால போட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில நெல் விளையுற பகுதிகள்ல இருந்து நிறைய பேரைக் கொண்டுவந்தாங்க, நெல் வேலை தெரிஞ்சவங்க அவங்க. இடுப்பளவு சேத்துல நின்னு, மலேரியாவில விழுந்து, பெத்த பிள்ளைங்கள்ல பாதியை மண்ணுல போட்டு வளர்த்த நெல்லு அது. நடவுக்குப் போற அம்மா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.

அடுத்து பருத்தி. 1793ல ஈலை விட்னிங்கிறவர் பருத்தியில இருந்து கொட்டை பிரிக்கிற மிஷினுக்கு வழி கண்டுபிடிச்சாரு. அதுக்கு முன்னாடி ஒரு ஆள் நாள் பூரா உக்காந்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு சுத்தம் பண்றதே பெருசு, மிஷின் வந்ததும் 50 பவுண்டு. மிஷின் வந்தா வேலை குறையும், அடிமைகளும் குறையணும்தானேன்னு பிள்ளைங்கட்ட கேளுங்க, பதில் சொல்ல விடுங்க. நடந்தது நேர் எதிர். கொட்டை எடுக்கிறது சுலபமானதும் பருத்தி விதைக்கிற நிலம் பரந்துகிட்டே போச்சு, விதைக்க களையெடுக்க பறிக்க ஆள் தேவை ஏறிக்கிட்டே போச்சு. 1790ல சுமார் 7 லட்சம் அடிமைகள், 1860ல சுமார் 40 லட்சம், நாட்டோட மொத்த ஜனத்தொகையே அப்ப 3 கோடியே 14 லட்சம்தான். இத்தனைக்கும் 1808லயே வெளிநாட்டுல இருந்து அடிமைகளை இறக்குமதி பண்றதுக்கு தடை வந்துடுச்சு. அப்புறம் எப்படி ஏறுச்சு? அடிமைத் தாய்க்குப் பொறக்கிற பிள்ளையும் அடிமைன்னு சட்டம், வர்ஜீனியாவில 1662லயே போட்டது. வடக்கே இருக்கிற புகையிலை மாநிலங்கள்ல இருந்து தெக்கே பருத்தி மாநிலங்களுக்கு சுமார் 10 லட்சம் பேரை வித்தும் ஓட்டிக்கிட்டுப் போயும் குடும்பம் குடும்பமா பிரிச்சாங்க. அன்னைக்கு அந்த நாட்டுல ரயில்வேயிலயும் ஃபாக்டரியிலயும் போட்டிருந்த முதலைவிட அடிமைகளா இருந்த மனுஷங்களுக்கு போட்டிருந்த விலை அதிகம், ஏற்றுமதியில பாதிக்கு மேல பருத்தி. இந்த ரெண்டு விஷயத்தையும் சுவத்துல எழுதி வைங்க, சண்டை ஏன் வந்துதுங்கிறதுக்கு பாதி பதில் இதுலயே இருக்கு.

நம்பர் மட்டும் சொன்னா மனசுல நிக்காது, அதனால முதல் நாள் கடைசியில ஒரே ஒரு ஏலத்தைப் பத்தி சொல்லுங்க. 1859 மார்ச் 2, 3 தேதிகள்ல ஜார்ஜியாவில சவானா ஊருக்குப் பக்கத்துல குதிரைப் பந்தய மைதானத்துல நடந்தது. பியர்ஸ் பட்லர்ங்கிற பண்ணையாருக்கு கடன், கடனை அடைக்க தன்னோட நெல் பண்ணை பருத்திப் பண்ணை ஆளுங்கள்ல 436 பேரை ஏலத்துக்கு விட்டாரு. ரெண்டு நாளும் மழை. வாங்க வந்தவங்க கையில அச்சடிச்ச பட்டியல் இருந்துது, அதுல இருக்கிற முதல் நாலு பேரை பேப்பர்ல எழுதி பிள்ளைங்களையே வாசிக்க வைங்க: ஜார்ஜ், வயசு 27, பருத்தி வேலைக்கு முதல்தரம். சூ, வயசு 26, நெல் வேலைக்கு முதல்தரம். ஜார்ஜ், வயசு 6, ஆண் பிள்ளை. ஹாரி, வயசு 2, ஆண் பிள்ளை. ஆளுக்கு 620 டாலர். ரெண்டு வயசுப் பிள்ளைக்கும் அதே விலை. இதை வாசிச்சதும் வகுப்பு அமைதியாயிடும், நீங்க மேல எதுவும் பேச வேணாம், அன்னைக்கு அத்தோட அனுப்பிடுங்க.

ரெண்டாவது நாள் பிள்ளைங்க கண்டிப்பா கேக்கும், நம்ம ஊர் பண்ணையாள் மாதிரியா சார்னு. இந்த இடத்துல ரொம்ப கவனம் வேணும். ஆமா ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிடாதீங்க, சம்பந்தமே இல்லைன்னும் சொல்லிடாதீங்க, ரெண்டுமே பொய்.

தஞ்சாவூர் சீமையில ஆளுகளை வித்ததுக்கும் அடமானம் வச்சதுக்கும் நிலத்தோட சேத்து கைமாத்தினதுக்கும் ஓலையிலயும் பத்திரத்துலயும் ஆதாரம் இருக்கு. 1843ல கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஒரு சட்டம் போட்டுது, அடிமை உரிமைய கோர்ட்டு இனி ஏத்துக்காதுன்னு, ஆனா அடிமை வச்சிருக்கிறதை குத்தம்னு சொல்லல. மனுஷனை அடிமையா வாங்கி விக்கிறது தண்டனைக்குரிய குத்தம்னு ஆனது இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1862 ஜனவரியில, அதாவது அமெரிக்காவில சண்டை நடந்துக்கிட்டு இருந்த அதே நேரம். இந்த ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டுங்க. ஆனா சட்டம் வந்த பிறகும் கல்யாணத்துக்கு வாங்கின கடன், சாவுக்கு வாங்கின கடன்னு ஆள் பண்ணையை விட்டுப் போக முடியாம தலைமுறை தலைமுறையா கிடந்தாங்க, சாணிப்பாலும் சவுக்கடியும் நம்ம பெரியவங்க வாயால கேட்டது. வித்தியாசம் எங்கன்னா, அங்க நிறம், இங்க சாதி. அங்க ஆளை ஆயிரம் மைல் தள்ளி வித்துடுவாங்க, இங்க பெரும்பாலும் அதே ஊர்ல அதே சேரியில கட்டிப் போட்டாங்க. அங்க எழுதப் படிக்கக் கத்துக்கொடுக்கிறதே பல மாநிலத்துல சட்டப்படி குத்தம், இங்க சட்டம் இல்லாமயே பள்ளிக்கூடத்து வாசல் மூடிக் கிடந்துது.

ஒண்ணு முக்கியமா சொல்லணும். நம்ம வகுப்புல ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் உக்காந்திருக்கும், பண்ணை வச்சிருந்தவங்க வீட்டுப் பிள்ளையும் இருக்கும், பண்ணையில வேலை செஞ்சவங்க வீட்டுப் பிள்ளையும் இருக்கும். யாரையும் கை காட்டாதீங்க, உங்க தாத்தா என்ன பண்ணாருன்னு எல்லார் முன்னாடியும் கேக்காதீங்க, சாதி பேரைச் சொல்லி எழுப்பவே எழுப்பாதீங்க. பிள்ளை தானா சொன்னா கேட்டுக்குங்க. சொல்லலன்னா விட்டுடுங்க.

இப்ப காரணத்துக்கு வாங்க. புத்தகத்துல பத்து காரணம் போட்டிருப்பாங்க, பொருளாதார வேறுபாடு, சுங்க வரி, மாநில உரிமைன்னு. பிள்ளை குழம்பிப்போகும். நான் சொல்றது, ஒரே கேள்வியை பிடிச்சுக்குங்க: புதுசா சேர்ற நிலத்துல அடிமை முறை உண்டா இல்லையா? நாடு மேற்கே மேற்கே போய்க்கிட்டே இருந்துது, ஒவ்வொரு தடவை புது மாநிலம் வரும்போதும் இதே கேள்வி எழுந்துது, ஒவ்வொரு தடவையும் ஒட்டுப்போட்டு சமாளிச்சாங்க, ஒட்டு கிழிஞ்சுக்கிட்டே வந்துது.

வருஷத்தை தனித்தனி பேப்பர்ல எழுதி பிள்ளைங்க கையில கொடுத்து வரிசையா நிக்க வைங்க. 1820 மிசோரி ஒப்பந்தம், மிசோரி அடிமை மாநிலமா வரட்டும் மெயின் சுதந்திர மாநிலமா, அதாவது அடிமை முறை இல்லாத மாநிலமா வரட்டும், மத்தபடி ஒரு கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கிடையாதுன்னு. 1846லிருந்து 1848 வரைக்கும் மெக்சிகோவோட சண்டை, பெரிய நிலப்பரப்பு கைக்கு வந்துது, மறுபடி அதே தகராறு. 1850ல இன்னொரு ஒப்பந்தம், கலிஃபோர்னியா சுதந்திர மாநிலம், ஆனா பதிலுக்கு தெற்குக்காரங்க ஒரு கொடூரமான சட்டத்தை வாங்கிக்கிட்டாங்க, தப்பி ஓடி வந்த அடிமை வடக்குல எந்த ஊர்ல இருந்தாலும் பிடிச்சுக் கொடுத்தாகணும், ஒளிச்சு வச்சா அபராதமும் ஜெயிலும். 1854ல கன்சாஸ் நெப்ராஸ்கா சட்டம், பழைய கோட்டை அழிச்சுட்டு அங்க இருக்கிற ஜனங்களே ஓட்டுப்போட்டு முடிவு பண்ணட்டும்னாங்க, ரெண்டு பக்கத்து ஆளுங்களும் கன்சாசுக்குப் போய் வெட்டிக்கிட்டாங்க, குடியரசுக் கட்சி பொறந்தது அந்த வருஷம்தான். 1857ல டிரெட் ஸ்காட்ங்கிற அடிமை விடுதலை கேட்டுப் போட்ட வழக்கு, கருப்பு இனத்தவர் இந்த நாட்டு குடிமகனாவே ஆக முடியாது, புது நிலத்துல அடிமை முறையை தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லைன்னு தலைமை நீதிபதி டேனி தீர்ப்பு எழுதினாரு. 1859ல ஜான் பிரவுன் அடிமைகளைக் கிளப்பிவிட ஆயுதக் கிடங்கைப் பிடிச்சு, மாட்டி, தூக்குல தொங்கினாரு. 1860 நவம்பர்ல லிங்கன் ஜெயிச்சாரு, நூத்துக்கு 40 ஓட்டு சுமாரா வாங்கித்தான், தெற்குல பல மாநிலத்துல அவருக்கு வாக்குச்சீட்டே கிடையாது. அவர் அடிமை முறையை ஒழிக்கிறேன்னு கூட சொல்லல, இருக்கிற இடத்துல இருக்கட்டும், புது நிலத்துக்குப் பரவக் கூடாதுன்னுதான் சொன்னாரு. அதுக்கே டிசம்பர் 20ம் தேதி சவுத் கரோலினா பிரிஞ்சு போச்சு, அந்த மாநிலத்துல பாதிக்கு மேல ஜனம் அடிமைகள். அடுத்தடுத்து மொத்தம் 11 மாநிலம், ஜெஃபர்சன் டேவிஸ் தலைமையில தனிக் கூட்டமைப்பு. 1861 ஏப்ரல் 12 வடக்கு பட்டாளம் இருந்த சம்டர் கோட்டை மேல தெற்குக்காரங்க பீரங்கி வெடிச்சுது, போர் ஆரம்பம்.

இது மாநில உரிமைக்காக நடந்த சண்டை, அடிமை முறைக்காக இல்லைன்னு ஒரு பேச்சு யூடியூப்ல தமிழ்லயும் சுத்துது. பிள்ளைங்க பாத்துட்டு வந்து கேக்கும். திட்டாதீங்க, பிரிஞ்சு போனவங்க அப்ப சொன்னதையே காட்டுங்க. மிசிசிப்பி மாநிலம் பிரியும்போது வெளியிட்ட அறிக்கையில ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க, எங்க நிலைப்பாடு அடிமை முறையோட முழுசா பின்னிப் பிணைஞ்சதுன்னு. அவங்க துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச் 21 சவானாவில பேசும்போது, கருப்பர் வெள்ளையருக்கு சமம் இல்லங்கிறதுதான் எங்க புது அரசோட மூலைக்கல்லுன்னு வெளிப்படையா சொன்னாரு. அவங்க எழுதின அரசியல் சட்டத்துல அடிமை உரிமையைக் குறைக்கிற சட்டம் போடவே கூடாதுன்னு இருக்கு. அதோட 1850 சட்டத்தை நினைவுபடுத்துங்க, வடக்கு மாநிலங்க நாங்க பிடிச்சுத் தர மாட்டோம்னு தங்களோட சட்டத்தை போட்டப்ப, அதை மீறி மத்திய அரசு பிடிச்சுத் தரணும்னு கேட்டது தெற்குக்காரங்கதான். அப்ப யாரோட மாநில உரிமை? இந்தக் கேள்வியை போட்டுட்டு பிள்ளைங்களையே வாதாட விடுங்க, அரை மணி நேரம் போறதே தெரியாது.

அடிமையே இல்லாத ஏழை வெள்ளைக்காரன் ஏன் சார் சண்டைக்குப் போனான்னு ஒரு பிள்ளை கேட்டா அந்தப் பிள்ளைக்கு சபாஷ் சொல்லுங்க, ரொம்ப நல்ல கேள்வி. அடிமை மாநிலங்கள்ல நாலுல ஒரு குடும்பத்துக்கிட்டதான் சுமாரா அடிமைகள் இருந்தாங்க. 1862ல இருபது அடிமை இருக்கிற பண்ணைக்கு ஒரு வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு வர வேணாம்னு விலக்கு வேற கொடுத்தாங்க, பணக்காரன் சண்டைக்கு ஏழை உசிரான்னு அவங்களுக்குள்ளயே முணுமுணுப்பு. சொந்த ஊர்னு போனவன் உண்டு, கட்டாயத்துல போனவன் உண்டு. ஆனா காலணா சொத்து இல்லாட்டியும் எனக்குக் கீழ ஒருத்தன் இருக்கான்ங்கிற நினைப்பு எவ்ளோ கெட்டியா மனசைப் பிடிக்கும்னு நம்ம ஊர்ல இருக்கிறவங்களுக்கு தனியா சொல்லணுமா.

மூணாவது நாள் சண்டை. இதை வேகமா தாண்டிடுங்க, எந்த ஜெனரல் எந்தக் குன்னு மேல நின்னாருன்னு எல்லாம் வேணாம். 1862 செப்டம்பர் 17 ஆன்டிடம், ஒரே நாள்ல செத்தவங்க காயம்பட்டவங்க காணாமப் போனவங்க சேத்து சுமார் 23 ஆயிரம். 1863 ஜூலை முதல் மூணு நாள் கெட்டிஸ்பர்க், மறுநாள் 4ம் தேதி விக்ஸ்பர்க் விழுந்து, சில நாள்லயே மிசிசிப்பி ஆறு முழுக்க வடக்கு கைக்கு வந்துது, அதோட தெற்கு ரெண்டா பிளந்துடுச்சு. 1864ல வடக்குத் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவைப் பிடிச்சு கடல் வரைக்கும் போனாரு. 1865 ஏப்ரல் 9 அப்போமேட்டாக்ஸ்ல தெற்குத் தளபதி லீ சரணடைஞ்சாரு, 14ம் தேதி ராத்திரி லிங்கனை சுட்டாங்க, மறுநாள் காலையில போயிட்டாரு. கடற்கரையை வடக்கு கப்பல்படை அடைச்சதால பருத்தி வெளிய போகல, இங்கிலாந்துல லங்காஷயர் பஞ்சு மில்லு நிறைய மூடுச்சு, பம்பாயில பருத்தி விலை தாறுமாறா ஏறுச்சு, நம்ம திருநெல்வேலிப் பருத்திக்கும் அப்ப விலை வந்துது. சண்டைக்கு இவ்ளோ போதும்.

மிச்ச நேரம் முழுக்க அடிமைகளா இருந்தவங்க தாங்களே என்ன பண்ணாங்கங்கிறதுக்கு கொடுங்க. யாரோ வந்து விடுவிச்சாங்க, இவங்க கை கட்டி நின்னாங்கன்னு பிள்ளை மனசுல பதியவே கூடாது. 1861 மே மாசம், சண்டை ஆரம்பிச்சு ஒன்றரை மாசம் கூட சரியா ஆகல, வர்ஜீனியாவில ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மேலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட்னு மூணு பேர் ராத்திரி படகுல ஏறி மன்றோ கோட்டைக்கு வந்து வடக்குப் படைகிட்ட அடைக்கலம் கேட்டாங்க. திருப்பி அனுப்பணும்னு சட்டம். தளபதி பெஞ்சமின் பட்லர் (ஏலம் விட்ட பட்லர் இல்ல, இவர் வேற) அனுப்ப மாட்டேன்னுட்டாரு, எதிரியோட பொருளை போர்க்காலத்துல பறிமுதல் பண்ணலாம்ங்கிற சாக்கைச் சொல்லி. செய்தி பரவுச்சு, சில நாள்லயே இன்னும் பேர் வந்தாங்க, அப்புறம் குடும்பம் குடும்பமா, சண்டை முடியறதுக்குள்ள லட்சக்கணக்குல. பண்ணையில வேலை நின்னுபோச்சு. வாஷிங்டன்ல உக்காந்திருந்தவங்க முடிவெடுக்கிறதுக்கு முன்னாடியே இவங்க நடந்து வந்து முடிவைக் கட்டாயமாக்கிட்டாங்க.

1862 மே 13 ராபர்ட் ஸ்மால்ஸ், அடிமையா இருந்த கப்பல் மாலுமி, சார்ல்ஸ்டன் துறைமுகத்துல கேப்டன் கரையில தூங்கப் போன நேரம் பாத்து தெற்குப் படையோட கப்பலையே கிளப்பி, வழியில தன் குடும்பத்தையும் ஏத்திக்கிட்டு, கேப்டன் தொப்பியைப் போட்டுக்கிட்டு, கோட்டைக்கு கோட்டை சரியான விசில் சிக்னல் கொடுத்து தாண்டி வடக்குக் கப்பல்படைக்கிட்ட போய் ஒப்படைச்சாரு. பின்னாடி அவரே நாடாளுமன்ற உறுப்பினர் ஆனாரு. பசங்க வாயைப் பொளந்துக்கிட்டு கேக்கும்.

ஆனா நம்ம டெல்டாவுக்குன்னு வச்சிருக்க வேண்டியது ஹாரியட் டப்மன். தானும் அடிமையா இருந்து தப்பிச்சு, திரும்பத் திரும்ப உள்ள போய் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வந்தவங்க. 1863 ஜூன் 2 விடியக்காலை சவுத் கரோலினா கம்பாஹி ஆத்துல வடக்குப் படையோட பீரங்கிப் படகுகளுக்கு வழிகாட்டியா போனாங்க. ரெண்டு கரையிலயும் நெல் பண்ணை. படகு விசில் அடிச்சதும் வயல்ல மம்முட்டியோட நின்னவங்க அப்படியே கரைக்கு ஓடி வந்தாங்க, கங்காணி கத்தினது யார் காதுலயும் விழல. டப்மன் பின்னாடி சொன்னது, ஒரு பொம்பளை அடுப்புல இருந்து இறக்கின சோத்துப் பானையை ஆவி பறக்க தலையில வச்சுக்கிட்டு ஓடி வந்துச்சாம், முதுகுல தொத்திக்கிட்டிருந்த பிள்ளை ஒரு கையால அம்மா நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையை பானைக்குள்ள விட்டு சோத்தை அள்ளி அள்ளித் தின்னுக்கிட்டே வந்துச்சாம். அன்னைக்கு ஒரே நாள்ல 700 பேருக்கு மேல விடுதலை. இதை சொல்லும்போது அவசரப்படாதீங்க, பானையையும் பிள்ளையையும் சரியா சொல்லுங்க.

கருப்பின சிப்பாய்ங்க சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பேர் வடக்குப் படையில சேந்தாங்க. வெள்ளை சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், இவங்களுக்கு 10, அதுலயும் துணிக்குன்னு 3 பிடிச்சுக்கிட்டு கையில 7. மாசச்சூசெட்ஸ் 54வது படைப்பிரிவு முழு சம்பளம் தர்ற வரைக்கும் ஒரு பைசா வாங்க மாட்டோம்னு மாசக்கணக்கா வாங்காமலே சண்டை போட்டாங்க, 1864ல சமச் சம்பளம் சட்டமாச்சு. நடவுக்கு ஆம்பளைக்கு ஒரு கூலி பொம்பளைக்கு ஒரு கூலின்னு பாத்து வளர்ற பிள்ளைங்களுக்கு இது சட்டுனு பிடிபடும்.

லிங்கனை எப்படி சொல்றது? தெய்வமாக்காதீங்க, வில்லனாவும் ஆக்காதீங்க. 1862 ஆகஸ்ட்ல ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதின கடிதத்துல, ஒரு அடிமையைக் கூட விடுவிக்காம நாட்டைக் காப்பாத்த முடியும்னா அப்படியே செய்வேன்னாரு. அதே மனுஷன் அடுத்த மாசமே விடுதலை அறிவிப்பை வெளியிட்டாரு, 1863 ஜனவரி 1 அமலுக்கு வந்துது. அதுவும் கிளர்ச்சி பண்ண பகுதிகளுக்கு மட்டும், வடக்கு பக்கமே நின்ன டெலவேர், மேரிலாண்ட், கென்டக்கி, மிசோரி அடிமைகளுக்கு கிடையாது. வாஷிங்டன் நகரத்துல 1862 ஏப்ரல்ல அடிமை முறையை ஒழிச்சப்ப ஆளுக்கு 300 டாலர் வரைக்கும் நஷ்ட ஈடு கொடுத்தாங்க, யாருக்கு, வச்சிருந்தவனுக்கு. உழைச்சவங்களுக்கு அந்த நஷ்ட ஈட்டுல ஒத்தக் காசு கிடையாது. இருந்தாலும் லிங்கன் மாறிக்கிட்டே வந்தாரு, அடிமை முறையை நாடு பூரா ஒழிக்கிற 13வது அரசியல் சட்டத் திருத்தத்தை 1865 ஜனவரி 31 கீழ்சபையில நிறைவேத்த விடாப்பிடியா நின்னாரு, டிசம்பர் 6 அது சட்டமாச்சு, அதைப் பாக்க அவர் இல்ல. மாறுற மனுஷனா காட்டுங்க, பிள்ளைங்களுக்கு அதுதான் நம்பும்படியா இருக்கும்.

நாலாவது நாள்தான் இந்த நாலு நாள்லயும் முக்கியம், பல பேர் இதுக்கு வராமலே பாடத்தை முடிச்சிடுறாங்க. செத்தவங்க 6 லட்சத்து 20 ஆயிரம்னு ரொம்ப காலமா சொல்வாங்க, இப்ப ஆய்வாளர்கள் 7 லட்சத்துக்கு மேலன்னு கணக்கு போடுறாங்க. 40 லட்சம் பேருக்கு விடுதலை. டெக்சாஸ்ல கால்வெஸ்டன் ஊருக்கு சேதி போய்ச் சேந்தது 1865 ஜூன் 19, அந்த நாளை இன்னைக்கும் கொண்டாடுறாங்க. 1868ல 14வது திருத்தம் குடியுரிமை, 1870ல 15வது திருத்தம் கருப்பின ஆம்பளைங்களுக்கு ஓட்டு. நல்லா சொல்லுங்க, பள்ளிக்கூடம் தொறந்தாங்க, பிரிஞ்ச சொந்தங்களைத் தேடி ஊர் ஊரா நடந்தாங்க, 1870லயே கருப்பினத்தவரான ஹைரம் ரெவல்ஸ் செனட் உறுப்பினர் ஆனாரு.

அப்புறம் நிலத்துக்கு வாங்க. 1865 ஜனவரி 12 சவானாவில ஜெனரல் ஷெர்மன் கருப்பின பாதிரியார்கள் 20 பேரை கூப்பிட்டு உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாரு. அவங்க சார்பா பேசின கேரிசன் ஃபிரேசியருக்கு வயசு 67, வாழ்நாள்ல பெரும்பகுதி அடிமையா இருந்து தன்னைத் தானே விலை கொடுத்து மீட்டவரு. அவர் சொன்ன பதில், எங்களுக்கு நிலம் வேணும், நாங்களே உழுது எங்க உழைப்பால பிழைச்சுக்குவோம்னு. நாலே நாள்ல உத்தரவு வந்துது, சார்ல்ஸ்டன்ல இருந்து தெக்கே கடலோரத் தீவும், ஆத்தோரமா 30 மைல் வரைக்கும் கைவிடப்பட்ட நெல் வயலும் இவங்களுக்கு, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரைக்கும். சுமார் 40 ஆயிரம் பேர் குடியேறி விதைச்சாங்க. லிங்கனுக்கு அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த வருஷமே பழைய பண்ணையாருங்களுக்கு மன்னிப்பு கொடுத்து நிலத்தை திருப்பிக் கொடுக்கச் சொல்லிட்டாரு. விதைச்சவங்களை பட்டாளம் வச்சு இறக்கினாங்க.

இதுக்கு அப்புறம் நடந்தது நம்ம பிள்ளைங்களுக்கு பாதி தெரிஞ்ச விஷயம். நிலம் இல்ல, மாடு இல்ல, அதனால பழைய பண்ணையிலயே வாரத்துக்கு சாகுபடி, விளைச்சல்ல பாதி பண்ணைக்கு, விதையும் மளிகையும் பண்ணையார் கடையில கடனுக்கு, அறுப்பு முடிஞ்சு கணக்கு பாத்தா எப்பவும் பாக்கி. 13வது திருத்தத்துலயே ஒரு சந்து விட்டிருந்தாங்க, குத்தத்துக்கு தண்டனையா இருந்தா கட்டாய உழைப்பு வாங்கலாம்னு. வேலை இல்லாம ரோட்டுல நின்னான்னு கேஸ் போட்டு பிடிச்சு, கைதிகளை பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் வாடகைக்கு விட்டாங்க. கூ கிளக்ஸ் கிளான்ங்கிற வெள்ளை இனவெறிக் கும்பல் ராத்திரியில வந்து கொளுத்துச்சு. 1877ல வடக்கு பட்டாளம் பாதுகாப்பை கைவிட்டுது, ஓட்டுரிமை பறிபோச்சு, 1896ல கருப்பரையும் வெள்ளையரையும் பிரிச்சு வைக்கிறது தப்பில்லைன்னு உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. 1964 சம உரிமைச் சட்டமும் 1965 ஓட்டுரிமைச் சட்டமும் வர்றதுக்கு சண்டை முடிஞ்சு நூறு வருஷம்.

அதுக்குப் பக்கத்துலயே நம்ம வரிசையை எழுதுங்க. கம்யூனிஸ்ட் தலைவர் பி.சீனிவாசராவ் மாதிரி ஆளுங்க வந்து விவசாயிகளுக்கு சங்கம் கட்டினது, 1952 தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், அந்தச் சட்டம் வந்ததும் பல பண்ணையில ஆளுங்களை நிரந்தர வேலையில இருந்தே நிறுத்தி தினக்கூலியாக்கினது, 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில கூலி உயர்வு கேட்டதுக்கு 44 பேரை குடிசையில வச்சு எரிச்சது, 1971ல குடியிருக்கிற மனைக்கட்டு அவங்களுக்கே சொந்தம்னு வந்த சட்டம், 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1981ல கிருஷ்ணம்மாள் ஜெகநாதன் தம்பதி லாஃப்டிங்கிற அமைப்பை ஆரம்பிச்சு நிலமில்லாத பொம்பளைங்க பேருல நிலம் வாங்கிக் கொடுத்தது. ரெண்டு வரிசையையும் பாத்து பிள்ளைங்களே பேசட்டும். எங்க ஒத்துப்போகுது, எங்க போகலன்னு.

கடைசியா ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்க: அந்தப் போர் எந்த வருஷம் முடிஞ்சுதுன்னு நீ சொல்லுவ, ஏன்? 1865ன்னு எழுதினாலும் சரி, 1877ன்னு எழுதினாலும் சரி, 1965ன்னு எழுதினாலும் சரி, காரணம் சொல்லியிருந்தா மார்க் போடுங்க. பரீட்சையில 1865தான் எழுதணும்னு தனியா சொல்லிடுங்க, பிள்ளை மார்க்கை இழந்துடக் கூடாது.

விருப்பம் இருக்கிற பிள்ளைங்க மட்டும் வீட்ல இருக்கிற பெரியவங்கட்ட பேசி எழுதிட்டு வரட்டும். கேக்க வேண்டியது சின்னச் சின்ன கேள்விதான், அப்ப கூலி காசா நெல்லா, எந்த மரக்கால்ல அளந்தாங்க, நடவு நேரத்துல எத்தனை மணிக்கு களத்துல நிக்கணும், மனைப்பட்டா எந்த வருஷம் கைக்கு வந்துது, முதல்ல பள்ளிக்கூடம் போனது வீட்ல யாரு. ஃபோன்ல பதிவு பண்றதா இருந்தா முன்னாடியே கேட்டுக்கணும், வேணாம்னா பேனாவும் நோட்டும் போதும், அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதணும், திருத்தக் கூடாது. சில ஆயா பேசவே மாட்டாங்க, அதை எல்லாம் எதுக்கு கேக்குறன்னு எழுந்து போயிடுவாங்க, அப்ப திரும்ப தொந்தரவு பண்ண வேணாம்னு பிள்ளைங்கட்ட முன்கூட்டியே சொல்லி அனுப்புங்க.